குழாயைத் திறந்து பார்ப்பவர்கள்

ஆம்பூரில் வீடு பார்க்க வருகிறவர்கள் முதலில் ஹாலைப் பார்ப்பதில்லை. நேராகப் போய்க் குழாயைத் திறக்கிறார்கள். உள்ளங்கையில் பிடித்து நாக்கில் வைத்துப் பார்த்த பிறகுதான் மற்ற அறைகள். விற்கும் வீட்டைத் தயார் செய்யும் இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். சிவில் டிப்ளமோவில் எனக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை.

1. எஸ்தர் அக்காவின் வீடு

எஸ்தர் அக்கா ஷூ கம்பெனியில் தையல் லைனில் இருந்தவர். அவர் கணவருக்கு வேலூரில் டயாலிசிஸ். அடிக்கடி பஸ்ஸில் போய்த் திரும்ப இனி அவர் உடம்பு தாங்காது. இந்த வீடு விற்றால்தான் ஆஸ்பத்திரி பக்கத்தில் குடிபோக முடியும். நான் வேலையை எடுக்கும்வரை பார்த்துவிட்டுப் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை.

என் பட்டியல் வழக்கமானது: மொட்டை மாடியில் விரிசல், பாத்ரூம் சுவரில் ஓதம், கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டிகள், ஜன்னலைப் பாதி மறைத்த பீரோ. எல்லாம் முடிந்தது. தண்ணீர் மட்டும் என் கையில் இல்லை. போர்வெல் தண்ணீர் உப்பு. டைல்ஸின் வெள்ளைக் கறையை ஆசிட் போட்டு எடுத்தாலும் திரும்பப் படியும்.

தரகர் குமார் அண்ணன் அசரவில்லை. "ஒரு லோடு லாரித் தண்ணி டேங்க்ல ஏத்திடு இன்ஜினியரம்மா. வர்றவங்க இன்னா, இன்னிக்கேவா குடித்தனம் பண்ணப் போறாங்க?"

வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

2. காட்டிய நாள்

காலையில் கடைசியாக ஒருமுறை சரிபார்க்கப் போனவள், சமையலறைக் குழாயைத் திறந்தேன். தண்ணீர் இனித்தது. அக்கா என் முகத்தைப் பார்க்காமல், குமார் விடியற்காலையிலேயே லாரி கொண்டுவந்துவிட்டதாகச் சொன்னார். அதற்குள் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது.

சுமதி என்ற பெண்ணும் அவள் கணவரும், கைக்குழந்தையோடு. அவளும் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் வேலை. நேராகக் குழாய்க்குப் போனாள். நாக்கில் வைத்ததும் கணவரைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு, சர்க்கரையாட்டம் இருக்கு. பாப்பாவுக்கு இதையே தலைக்கு ஊத்தலாம். இப்ப இருக்கிற வீட்டுல உப்புத் தண்ணி ஊத்தி ஊத்தி தோலெல்லாம் வெடிச்சிப் போச்சி."

கணவர் விலை பேச ஆரம்பித்தார். குமார் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எஸ்தர் அக்கா குழந்தையின் சொரசொரத்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"அது லாரித் தண்ணிம்மா. நம்ம போர் உப்புதான்."

"இன்னாக்கா நீ, வந்த சோறை எட்டி ஒதைக்கிற?" என்றார் குமார் அண்ணன்.

"நீ கமிஷன வாங்கிட்டுப் போய்டுவ. தெனம் இந்தப் புள்ளைக்கு ஊத்தப் போறது அவதானே."

சுமதிக்குக் கோபம். இத்தனை வருஷம் நீங்கள் எப்படிக் குடித்தனம் செய்தீர்கள் என்று கேட்டாள். அக்கா அவளைப் பின்பக்கம் அழைத்துப் போய், முனிசிபாலிட்டி தண்ணீரைப் பிடித்து வைக்கும் தொட்டியைக் காட்டினார். சமையலுக்கும் தலைக்கும் அது. மற்றதற்கெல்லாம் போர். மாடிப்படிக்குக் கீழே தரைக்குள் சின்ன சம்ப் கட்டி, மேலே தனி டேங்க் வைத்தால், நல்ல தண்ணீர் தனி லைனில் குழாயிலேயே வரும் என்று நான் தாளில் வரைந்து காட்டினேன். தாளை மடித்து எடுத்துக்கொண்டார்கள். சொல்கிறோம் என்று கிளம்பிவிட்டார்கள்.

உள் அறையிலிருந்து அக்காவின் கணவர், "போய்ட்டாங்களா?" என்றார்.

"போய்ட்டாங்க."

3. அதற்குப் பிறகு

சரிசெய்ய முடிந்ததைச் சரிசெய்கிறேன். முடியாததை மறைப்பதில்லை, அதோடு எப்படி வாழலாம் என்று காட்டுகிறேன். வீடு காட்டும் நாளில் டேங்கில் அந்த வீட்டுத் தண்ணீர்தான் இருக்க வேண்டும். என் பட்டியலில் இப்போது இதுதான் முதல் வரி.

அடுத்த ஞாயிறு அக்கா சர்ச்சிலிருந்து திரும்பும்போது, சுமதியும் கணவரும் ஒரு கொத்தனாரோடு வாசலில் நின்றிருந்தார்கள். கையில் நான் வரைந்த தாள். கொத்தனார் மாடிப்படிக்குக் கீழே டேப் வைத்து அளந்தார். பிறகு ஒவ்வொரு அறையாகப் பார்த்தார்கள்.

அன்று சுமதி எந்தக் குழாயையும் திறக்கவில்லை.