காப்புக் கயிற்றை என் கைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டேன்

ஆத்தாவை நம்புகிற எல்லாருக்கும் பூங்கொடி கும்பிட்டு எழுதுவது. ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். எழுத்தில் பிழை இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லுகிற விஷயத்தில் பிழை இல்லை.

எங்கள் ஊர் கொல்லிமலையில் தேவனூர் நாடு. வீட்டுக்காரர் ராசு மிளகு பறிப்பவர். முந்தின வருஷம் மாசியில், மரத்தில் சாய்த்திருந்த ஒற்றை மூங்கில் ஏணி சறுக்கி விழுந்தார். இடுப்பில் அடி. வலிக்கு மாத்திரை கொடுத்தார்கள். வலி போயிற்று, மாத்திரை போகவில்லை. ஒன்று என்பது நாலாயிற்று, நாலு கைப்பிடியாயிற்று. அது கிடைக்காத நாளில் கஞ்சா. நல்ல மனுஷன், என் கண் முன்னாலேயே வேறு ஆளாகிப்போனார்.

நான் பிறவியிலேயே பயந்தவள். பஸ் பத்து நிமிஷம் தாமதமானால் வளைவில் உருண்டுவிட்டது என்று அழுகிறவள். அப்படிப்பட்டவள் தினமும் எப்படி இருந்திருப்பேன்! ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டாலே போலீஸ் என்று கதவைச் சாத்திவிடுவேன்.

ஆடி முதல் வெள்ளி, மாரியாத்தா கோயிலுக்கு அவரைக் கூட்டிப்போனேன். பூசாரி மஞ்சள் கயிற்றில் காப்புக் கட்டிவிட்டார். நாற்பத்தெட்டு நாள் மாத்திரை, கஞ்சா எதையும் தொடக்கூடாது. காப்புக் கட்டினவர் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது, மலை இறங்கவே கூடாது. அது எங்கள் வழக்கம். இனிமேல் ஆத்தா பார்த்துக்கொள்வாள் என்று அன்றைக்குத்தான் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில் கோயிலில் உட்கார்ந்திருந்தவருக்கு உடம்பு உதறியது. வேர்த்துக் கொட்டியது, மயிர் குத்திட்டு நின்றது. "ஆத்தா எறங்கிட்டா!" என்று யாரோ கத்தினார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். நானும் காலில் விழுந்தேன். பூசாரி கைகட்டி, "சாமீ, இந்த வருசம் மழை உண்டுங்களா?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் பல் கிட்டிக்க, "எனக்கு ஒரே ஒரு மாத்திரை குடுங்க" என்றார்.

 அவர் பங்காளி மணியன்தான் முதலில் சிரித்தார். "மழையைக் கேட்டா மாத்திரையைக் கேக்குது பாரு, புது சாமி!" சிரிப்பு கோபமாக மாறியது. சாமியைக் கேலி செய்துவிட்டான் என்று என் வீட்டுக்காரர் பையைக் கொட்டினார்கள். கஞ்சாப் பொட்டலம் ஒன்று விழுந்தது. மறுநாள் காலை கூட்டம் போட்டு ஸ்டேஷனில் ஒப்படைப்பது என்று முடிவானது.

பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையைப் பார்க்க வந்த நர்சம்மா அன்றைக்குச் சாயங்காலம் இவரையும் பார்த்தார். தூத்துக்குடிப் பக்கம், சர்ச்சுக்குப் போகிறவர். "இது அருளும் இல்ல, திமிரும் இல்லக்கா. மாத்திரைய டக்குன்னு நிறுத்துனதால வர்ற நடுக்கம். கீழ கவர்மென்ட் ஆஸ்பத்திரில இதுக்கு வைத்தியம் இருக்கு. நீங்க கும்பிடுங்க, நானும் ஜெபம் பண்றேன். ஆனா உடனே கூட்டிட்டுப் போங்க."

எப்படிக் கூட்டிப்போவது? கையில் காப்பு. விடிந்தால் போலீஸ். ஆத்தா முன்னால் போய் நின்றேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. "எனக்குப் பேசத் தைரியம் குடு. ஒரே ஒரு ஆளையாவது என் பக்கம் நிறுத்து" என்றேன்.

மறுநாள் கூட்டத்தில் தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"ஏனுங்க, அம்மை போட்டவனை யாராச்சும் ஸ்டேசனுக்கு இழுத்துட்டுப் போவீங்களா?"

"அம்மை தானா வாரது. இவனா வாங்கித் தின்னான்" என்றார் மணியன்.

"ஏணியில இருந்தும் இவராத்தான் விழுந்தாருங்களா? வித்தவனைப் புடிங்க, நானே வழி காட்டறேன். நோவுல கெடக்கறவருக்கு வைத்தியம் பாருங்க."

கூட்டத்துக்குத் தலைமை இருந்த ஊர்க் கவுண்டர் நெற்றியைச் சுருக்கினார். "காப்புக் கட்டுனவன் மலை எறங்குனா ஊருக்கே குத்தமாயிருமே கண்ணு?"

"அந்தக் கயித்தை என் கையில கட்டுங்க. அவரு எறங்கட்டும். அவரு விரதத்தை நான் இருக்கறேன்."

இந்த வார்த்தையை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் வந்தது. வரவைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

மணியன் ஏதோ சொல்ல வந்தார். அதற்குள் பூசாரி எழுந்தார். "நடுக்கத்தைப் பாத்து அருளுன்னு குறி கேட்டவன் நானு. தப்பு என்னுதுங்க. கட்டுனவனே அவுக்கறேன்" என்றார். ஒரே ஒரு ஆளைக் கேட்டேன். ஆத்தா பூசாரியையே நிறுத்தினாள். அதற்குமேல் கவுண்டரும் மறுக்கவில்லை. பூசாரி கயிற்றை அவிழ்த்து என் கையில் கட்டினார்.

அன்று மத்தியான பஸ்ஸில் நர்சம்மாவும் என் தம்பியும் அவரைக் கீழே கூட்டிப்போனார்கள். நான் எல்லைக்கல்லோடு நின்றேன். விரதத்தை முதலிலிருந்து எண்ணி, நாற்பத்தெட்டு நாள் அவர் முகம் பார்க்காமல் இருந்தேன். என்னை மாதிரிப் பயந்தவளுக்கு அது எத்தனை யுகம் என்று ஆத்தாவுக்குத்தான் தெரியும்.

திரும்பி வந்தார். மறைக்காமல் சொல்கிறேன், ஐப்பசியில் ஒரு தடவை மறுபடியும் மாத்திரையில் சறுக்கினார். மறுபடியும் கூட்டிப்போனோம். இப்போது டாக்டர் சொன்ன மருந்து சாப்பிடுகிறார். இந்த வருஷம் மிளகு பறிக்கப் போனார். கீழே நின்று ஏணியை நான் பிடித்துக்கொண்டேன்.

போதையில் விழுந்தவர்களை ஜெயிலில் போடுவதா என்று டிவியில் சண்டை போடுகிறார்கள். தண்டனையை எடுத்துவிட்டால் நாடே கெட்டுவிடும் என்கிறார் ஒருவர். எனக்குச் சட்டம் தெரியாது. அன்றைக்கு ஜீப்பில் ஏற்றியிருந்தால் இன்றைக்கு எனக்குப் புருஷன் இல்லை. அது தெரியும். "ஆத்தா எங்க காப்பாத்துனா, ஆஸ்பத்திரிதான காப்பாத்துச்சு" என்று நம்ம ஆட்களே கேட்கிறார்கள். அந்த ஆஸ்பத்திரிக்கு அவரை அனுப்பிய வாய் என்னுடையது, வார்த்தை அவளுடையது. யார் வேண்டுமானாலும் சிரித்துக்கொள்ளட்டும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் வெட்கப்பட்டு ஒளித்து வைக்காதீர்கள், பிடித்தும் கொடுக்காதீர்கள். ஆத்தாவைக் கும்பிட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏற்றுங்கள். ஊர் எதிர்த்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். எந்தக் கூட்டமானாலும் வந்து நிற்கிறேன். பயந்துகொண்டேதான் நிற்பேன். ஆனால் உட்கார மாட்டேன்.