காற்று படித்த தேவசகாயம்

ஆம்பூரில் தோலைப் படித்தவர்கள் நிறையப் பேர். காற்றைப் படித்தவன் தேவசகாயம் ஒருத்தன்தான்.

அவன் அம்மா சவுரியம்மாள், அஹமது பாஷா சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் ஈரத்தோலைக் கயிற்றில் மாட்டி உலர்த்துகிறவள். மிஷன் பள்ளியில் கணக்கில் சுட்டியாக இருந்த அவள் பிள்ளையைச் சாயபு தன் செலவில் மதராசுக்கு அனுப்பிப் படிக்க வைத்தார். தரும சிந்தனை என்று ஊர் புகழ்ந்தது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மழைக்காலத்தில் தோல் காயாமல் பூசணம் பூத்து அவருக்கு வருஷா வருஷம் நஷ்டம். அதற்கு ஒரு வழி தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

மதராசில் ஆலைகளுக்கும் நாடகக் கொட்டகைகளுக்கும் எவ்வளவு காற்று வேண்டும், சூடு எப்படி ஏறும், குளிர்ந்த காற்று எந்த வழியாக நுழையும் என்று படம் போடக் கற்றான். ஆள் இருக்கும் அறையில் கரி எரிந்தால் காற்று வரவும் போகவும் வழி வேண்டும் என்பது அங்கே அரிச்சுவடிப் பாடம். பரீட்சையில் அதை அழகாக எழுதியும் இருந்தான்.

1932-இல் திரும்பி வந்து, உலர்த்தும் அறைக்குப் படம் போட்டான். அடுப்பு வெளியே, சூடு மட்டும் இரும்புக் குழாய் வழியாக உள்ளே. சாயபு உதட்டைப் பிதுக்கினார்.

"கொழாய்க்கு ஜாஸ்தி ஆவும்பா. அடுப்ப உள்ளயே வெச்சிடு."

தேவசகாயம் படத்தைத் திருத்தினான். கரி அடுப்புகளை உள்ளேயே வைத்தான். அதற்கு ஈடாகச் சுவரின் அடியில் வரிசையாகத் துளைகளும், கூரையில் பலகைக் கதவு போட்ட ஒரு திறப்பும் விட்டான்.

துளைகளைப் பார்த்து ஷாப்பே சிரித்தது. ஐப்பசி பிறந்தால் இண்டு இடுக்கெல்லாம் கோணியைத் திணித்து அடைப்பதுதான் அங்கே வழக்கம். மழைக்காற்று பட்டால் தோல் கெடும் என்று எல்லோருக்கும் தெரியும். இவனோ அதற்கு வாசல் வைத்திருக்கிறான். மழைக்காற்றும் சூடேறினால் ஈரத்தை இழுக்கும் என்பதைச் சாயபுவிடம் இங்கிலீஷ் கலந்து விளக்கினான். தோல் மாட்டும் பெண்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முதலில் போட்ட தோலில் பூசணம் பிடித்தது. கரி போதவில்லை என்பது அவனுக்குத் தெரியும். மற்றவர்கள் கண்ணில் பட்டது ஓட்டைகள்தான்.

"இன்னொரு வாட்டி கெட்டா ரூம இடிச்சிட்றேன். நீயும் உங்கம்மாவோட சேந்து தோல் மாட்டு" என்றார் சாயபு.

அன்று சோறு போடும்போது சவுரியம்மாள் கேட்டாள்.

"இன்னாத்துக்குடா அந்த ஓட்டைங்க? ஊரே சிரிக்குது."

"அதெல்லாம் கணக்கும்மா. உனக்குப் புரியாது."

அவள் மேலே கேட்கவில்லை. படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாளோ, பெற்ற மனசு கேட்கவில்லையோ, யார் கண்டது?

மறுநாள் அடுப்புகளில் கரியை இரட்டிப்பாகப் போடச் சொல்லிவிட்டு, அவன் சாயபுவோடு ராணிப்பேட்டைக்குப் போனான். நல்ல மழை. மற்றப் பெண்கள் வருவதற்கு முன்பே சவுரியம்மாள் அறைக்குள் போயிருந்தாள். துளை ஒன்று விடாமல் கோணியைத் திணித்தாள். கூரைப் பலகையையும் கயிற்றை இழுத்துச் சாத்தினாள். பிறகு தோல்களைத் திருப்பிப் போட ஆரம்பித்தாள். நன்றாகக் கனிந்த கரியின் விஷக்காற்று புகையாது, நாறாது. ஆட்கள் கதவைத் திறந்தபோது சுவரோரம் சாய்ந்திருந்தாள். முகம் சிவந்து, காய்ச்சலில் தூங்குகிறவள் மாதிரி இருந்தது.

தோல் மட்டும் ஒரு புள்ளி பூசணம் இல்லாமல் காய்ந்திருந்தது. அந்தத் தோலை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அடக்கத்தன்று, கூட வேலை செய்த சுந்தரிதான் அவனிடம் சொன்னாள்.

"கோணிய மொத நாள் ராத்திரி நான்தான் எடுத்துக் குடுத்தேன் தம்பி. எம்புள்ள பேரு கெடக் கூடாது, அவங்கிட்ட சொல்லிடாதன்னாங்க."

தேவசகாயம் ஷாப்பை விட்டுப் போகவில்லை. சாயபு இப்போது இரும்புக் குழாய் போட்டுக் கொடுத்தார். அதற்குப் பிறகு யார் வேலைக்கு வந்தாலும், துளைகள் எதற்கு என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே விடுவான். முதல் தடவை சொன்னபோது பெண்கள் எல்லோரையும் உட்கார வைத்து, ஈரத்துணியை அடுப்பருகில் பிடித்துக் காட்டிச் சொன்னான். ஒரு வெற்றிலை மென்று முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

சுந்தரி எழுந்திருக்காமல் அவனையே பார்த்தாள்.

"இவ்ளோதானா தம்பி? இது உங்கம்மாவுக்குப் புரிஞ்சிருக்குமே."