நாலு மணி மேகமும் சத்தமில்லாத வண்டியும்

மலையில டாக்ஸி ஓட்டுற தொழில் பாதி கண்ணுல, மீதி காதுல. மேகம் எறங்கிட்டா வளைவுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி, கண்ணாடிய எறக்கி, எதிர்ல ஏதாச்சும் உறுமுதான்னு கேட்டுட்டுத்தான் திரும்புவோம். கொடைக்கானல்ல ஸ்டேரிங் பிடிக்கிற உங்களுக்கெல்லாம் இது புதுசில்ல. உங்ககிட்டத்தான் இதச் சொல்லி அழ முடியும்.

கருப்புச் சுவரு

எங்க முதலாளி ஜப்பார் பாய்கிட்ட முன்னாடி ஒரு பெரிய டீசல் வண்டி இருந்துச்சு. ஒம்போது பேரு ஏறலாம். பதினாலு வருசம் நான்தான் ஓட்டுனேன். ஏத்தமோ எறக்கமோ, ரெண்டாம் கியர் போட்டா மூணு வளைவு தள்ளி இருக்கிறவனுக்கும் கேக்கும். என் சம்சாரம் செல்வி பள்ளங்கியில பூண்டுக் காட்டு வேலைக்குப் போறவ. சாயங்காலம் நாலு மணிக்கு மேகத்துக்குள்ள ரோட்டோரமா நடந்து வீட்டுக்கு வருவா. எங்க வண்டிச் சத்தம் கேட்டதும் ஒதுங்கி, புகைக்குப் பயந்து முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பா. அப்படியும் இருமல் அவள விடல.

அந்த வழியில ஒரு வளைவு இருக்கு. கீழருந்து ஏறுற வண்டியெல்லாம் அங்கதான் கியர் மாத்தி முக்கும். தாங்கு சுவர்ல மத்த எடமெல்லாம் பாசி பச்சப்பசேல்னு கெடக்கு. அங்க மட்டும் ஒரு ஆள் ஒசரத்துக்குக் கரி. ஒருநாள் மதுரைப் பார்ட்டி ஒருத்தரு போட்டோ எடுக்க எறங்கி, சுவரத் தொட்டு வெரலப் பாத்தாரு. அம்புட்டும் எங்க வண்டிப் புகைதான். அவரு கேட்டாரு: “டிரைவர், இந்த எடத்துல யார வச்சு எரிச்சாங்க?”

சாவி

டீசலுக்கு வயசாகிருச்சு. பாய் வத்தலக்குண்டுல ஒடைக்கக் குடுத்துட்டாரு. நான்தான் கொண்டுபோய் விட்டேன். சங்கிலி போட்டு இன்ஜினத் தூக்குறவரைக்கும் நின்னு பாத்தேன், கண்ணு கலங்கிருச்சு. அதுக்குப் பதிலா வந்தது ஹைபிரிட் கார். பழசு குடிச்சதுல பாதிகூடக் குடிக்காது. ஏத்தத்துல பெட்ரோல் இன்ஜின் ஓடும். எறக்கத்துல அது தானா அணைஞ்சு, பேட்டரிக்குச் சார்ஜ் ஏறும். அப்ப கொசு பறக்குற சத்தம்தான். காத்தடிச்சா அதுவும் கேக்காது.

மொத ட்ரிப்பு, கொடைரோடு ஸ்டேஷனுக்கு ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. எறக்கத்துல இன்ஜின் அணைஞ்சதும் பேச்ச நிறுத்தி, கதவுக் கைப்பிடிய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாங்க. டீசல் மிச்சம் பிடிக்கச் சாவிய அணைச்சுட்டு நியூட்ரல்ல உருட்டிவிடுற பயலுகளோட போய் வந்தவங்க, பாவம். பேட்டரி, சார்ஜுன்னு நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். மலை எறங்கி முடிக்கிற வரைக்கும் அவங்க சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: “சாவியப் போட்டு ஓட்டுங்க தம்பி, எனக்குப் பேரன் பேத்தியெல்லாம் இருக்கு.”

ஆளுக்கு எவ்வளவு

அடுக்கம் கிராமத்துக்கு ஜீப் ஓட்டுற முருகேசன் என் சேக்காளி. அவன் ஜீப் விடுற புகையில செங்கல்லே சுடலாம். டீக்கடையில நின்னு புது வண்டிப் பெருமைய அவன்கிட்ட அளந்துக்கிட்டிருந்தேன். அவன் ஜீப்புல பதிமூணு பேரு, ரெண்டு மூட்ட அவரக்கா. என் கார்ல ஒரே ஒரு பெங்களூர்க்காரரு. மலைக்காத்து கெடக்கூடாதுன்னு ஹைபிரிட்தான் வேணும்னு கேட்டு வந்தவரு, மடியில ஒரு நாய். முருகேசன் எட்டிப் பாத்துட்டுச் சொன்னான்: “ஏலே, புகைய ஆளுக்கு வகுத்துப் பாரு, அந்த நாயச் சேத்தாலும் ஒன் கணக்கு தேறாது.”

ரெண்டு பேருக்கும் கேக்கல

ஐப்பசி மாசம், மத்தியானம் ரெண்டு மணிக்கே மேகம் எறங்கிருச்சு. பூம்பாறை ரோட்டுல ஒரு வளைவுல நிறுத்தி, கண்ணாடிய எறக்கிக் காதக் குடுத்தேன். ஒண்ணும் இல்ல. மெல்ல நகந்தா, ஒரு முழம் தள்ளி வெள்ளையா ஒரு காரு. அதுவும் ஹைபிரிட். அந்த டிரைவரும் என்னைய மாதிரியே நின்னு, கேட்டு, ஒண்ணும் இல்லைன்னு நகந்தவரு. எறங்கி நின்னோம். ரெண்டு வண்டியும் ஓட்டத்துலதான் இருக்கு, ஆனா மரத்துல இருந்து தண்ணி சொட்டுறதுதான் கேக்குது. அவரு வீட்டுக்குப் போன் போட்டு, பொண்டாட்டி ஹலோன்னு சொன்னதுக்கப்புறம்தான் என்கிட்டப் பேசுனாரு: “அண்ணே, நாம ரெண்டு பேரும் போய்ச் சேந்துட்டோமோன்னு நெனச்சுட்டேன்.”

மறந்த ஹாரன்

அன்னைக்கே செல்விகிட்டச் சொல்லிட்டேன், இனிமே காத நம்பி நடக்காத, கருப்புச் சுவர் வளைவுல நானே ஹாரன் அடிக்கிறேன்னு. ரெண்டு மாசம் தவறாம அடிச்சேன். அப்புறம் ஒருநாள், அதே நாலு மணி, அதே மேகம். மறுநாள் ட்ரிப் பத்தி யோசிச்சுக்கிட்டே எறங்குனவன், மறந்து தொலைச்சுட்டேன். திரும்புன பெறகுதான் ஆள் தெரிஞ்சுச்சு. பிரேக்க மிதிச்சு நிறுத்துறதுக்குள்ள சைடு கண்ணாடி அவ முழங்கைய உரசிருச்சு. கரிச் சுவரோட ஒட்டி நிக்கிறா செல்வி, முந்தானையால மூக்கப் பொத்திக்கிட்டு.

கதவத் தொறந்து எறங்கி ஓடுனேன். அவ ரோட்டுல நடந்துக்கிட்டிருந்தா நான் ஏத்திக் கொன்னுருப்பேன். ஹாரனே அடிக்கலையே, நீ எப்படிப்புள்ள ஒதுங்குனன்னு கேட்டேன். அவ என்னையவும் பாக்கல, காரையும் பாக்கல. நான் வந்த பக்கம் மேகத்தையே பாத்துக்கிட்டுச் சொன்னா: “இந்தக் காரு வந்ததே எனக்குத் தெரியாதுங்க. நம்ம பழைய வண்டிதான் ரெண்டாம் கியர்ல உறுமிக்கிட்டு வந்துச்சு, புகைகூட அடிச்சுச்சு, அதான் ஒதுங்குனேன். அது இன்னும் தாண்டிப் போகலையே?”

ஹைபிரிட்டுதான் நல்ல வண்டி, செல்விக்கு இருமல் கொறஞ்சதே அதுக்குச் சாட்சி, ஆனாலும் அந்த வளைவுல இப்ப நான் ரெண்டு ஹாரன் அடிக்கிறேன்: ஒண்ணு முன்னாடி நடந்து போறவங்களுக்கு, இன்னொண்ணு எனக்குப் பின்னாடி வர்ற கெழட்டு டீசலுக்கு.