அப்பா நடித்த நோயாளிகள்

அப்பா இல்லாமல் ஓராண்டு ஓடிவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களிடம், அவருடைய ஒரே மகளாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும்.

சித்தியவான் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர் அப்பா. தோட்டம் விற்கப்பட்டதும் ஈப்போவை அடுத்த செமோருக்கு வந்து டைல்ஸ் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அம்மா இறந்த பிறகு எனக்குச் சடை பின்னவும் அவரே கற்றுக்கொண்டார். கோணல்மாணலாகத்தான் வரும், குறை சொன்னால் கோபம் வந்துவிடும்.

நான் பினாங்குக்கு ஃபார்மசி படிக்கப் போனதும் வீட்டில் தனியாளானார். வெள்ளைக் கோட்டு போட்டும் எனக்கு வேடம் கட்டியது போலத்தான் இருந்தது. நோயாளியிடம் பேசும் தேர்வு என்றாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். "நான் நோயாளியா இருக்கேன், என்கிட்ட பேசிப் பழகு லா" என்றார் அப்பா. தினமும் மாலையில் போன் வரும். ஒருநாள் மூட்டுவலிக்காரச் சீனக் கடை முதலாளி, அதாவது தவுக்கே, ஒருநாள் மாத்திரை போடாமலே போட்டதாகப் பொய் சொல்லும் கிழவர். அடேயப்பா, என்ன நடிப்பு! முடிந்ததும் மார்க் வேறு போடுவார்.

கடைசி ஆண்டுத் தேர்வு நெருங்கியபோது ஒருநாள், "மிஸ்ஸி, காலு வீங்குது. படுத்தா மூச்சு முட்டுது" என்றார். வகுப்பில் சொல்லிக்கொடுத்த வரிசை பிசகாமல் கேள்வி கேட்டேன். "இதயக் கோளாறா இருக்கலாம் ஐயா. இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று முடித்தேன். "பத்துக்குப் பத்தும்மா. இனிமே பரீட்சை முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் நாள் பக்கத்து வீட்டு அக்கா போனில் கூப்பிட்டார். நான் ஈப்போ ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "மூணு தலகாணி வச்சு ஒக்காந்தே தூங்குனாரும்மா. புள்ளைக்குப் பரீட்சை, சொல்லாதீங்கன்னாரு" என்று அக்கா அழுதார்.

சரியான பதிலைத்தான் சொன்னாய் என்று விரிவுரையாளர்கள் தேற்றினார்கள். பதில் சரிதான். மருந்தாளராக இருந்திருந்தால் மறுநாளே "போனீங்களா?" என்று கேட்டிருப்பேன். மகளாக இருந்திருந்தால் அப்போதே பஸ் ஏறியிருப்பேன். அன்று நான் மார்க் வாங்கும் மாணவியாக மட்டும் இருந்துவிட்டேன். அப்பா, என்னை மன்னித்துவிடுங்கள்.

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அக்கா குடும்பத்தாருக்கும், பாடைக்குத் தோள்கொடுத்த தொழிற்சாலை நண்பர்களுக்கும் என் நன்றி. இப்போது ஈப்போவில் மருந்தாளர் பயிற்சியில் இருக்கிறேன். உறவுகளே, உடம்புக்கு முடியவில்லை என்றால் என்னிடம் சொல்லுங்கள். சும்மா பேச வேண்டும் போலிருந்தாலும் கூப்பிடுங்கள். மாலையில் எனக்குப் போனே வருவதில்லை.