கையை இழுக்கவில்லை

வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரில் ரீடிங் எடுப்பது என் வேலையாக இருந்தது. அந்த முப்பத்தோரு ஆண்டுகளில் என்னை நாய் கடித்தது நான்கு முறை. நான்கு முறையும் கையையோ காலையோ வெடுக்கென்று இழுத்தேன். நான்கு முறையும் கடித்த இடம் கிழிந்தது. மொத்தம் பத்தொன்பது தையல். இதைச் சொல்லிவிட்டுத்தான், எழுபத்திரண்டு வயதில் ஒரு மலைப்பாம்புக் குட்டி கவ்விய கையை நான் இழுக்காமல் நின்றதைச் சொல்ல முடியும்.

பாம்பு என் மகளுடையது. ஆப்பிரிக்க வகை. நம் காட்டு மலைப்பாம்பை வீட்டில் வைத்தால் வழக்கு வரும். இது அரசிடம் முறைப்படி பதிவு செய்தது. அந்தச் சான்றிதழை நான் ஆறு முறை படித்துவிட்டேன். குற்றாலம் ரோட்டில் இருக்கும் எங்கள் வீட்டின் மாடி அறையில், கண்ணாடிப் பெட்டியில், எட்டு மாதமாக இருக்கிறது. இரண்டடி மூன்று அங்குலம், முந்நூற்றுப் பத்து கிராம். விஷம் கிடையாது. பல் மட்டும் நூற்றுக்கு மேல், எல்லாம் உள்பக்கமாக வளைந்தவை. சரியாக எண்ணிப் பார்க்க எனக்கு ஆசைதான், அது சம்மதிக்காது.

மகளுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. விடுதியில் பாம்பை வைக்க முடியாது. சென்னையில் ஒருவர் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் தயங்கினாள்.

"பயந்து கைய உதறுனீங்கன்னா அதுக்குத்தான்ப்பா பல்லு உடையும். வாய் புண்ணாயிரும். அப்புறம் சாப்பிடாமலே செத்துப் போவும்."

இங்கே பார்த்துவந்த வேலையில் அவளுக்கு ஒரு மாதம் பாக்கி இருந்தது. அந்த ஒரு மாதம் பெட்டி முழுக்க என் பொறுப்பு, அதற்குப் பிறகு முடிவு என்றாள். பாம்பு சென்னைக்குப் போவதை நான் விரும்பவில்லை. இருவேளை வெப்பம், ஈரப்பதம், வாரம் ஒருமுறை எடை என்று பார்த்துக் குறிக்க எனக்கு வேறு எதுவும் மிச்சமில்லை. சாரல் நாளில் ஈரப்பதம் எண்பதைத் தாண்டினால் எனக்குத் தூக்கம் வராது. ஆனால் அது உள்ளங்கையில் பந்துபோலச் சுருண்டு கிடக்கும் பத்து நிமிஷம் நான் எதைப் பற்றியும் கவலைப்பட்டதில்லை. அது எனக்குப் புதிது.

ஞாயிறு தீனி. உறைய வைத்த வெள்ளெலியை வெந்நீரில் இளக்கி இடுக்கியால் நீட்ட வேண்டும். புதனும் சனியும் கையில் எடுக்கும் நாள். எலி வாடை துளியும் இல்லாமல் கை கழுவி, முதலில் ஒரு கம்பியால் முதுகை மெல்லத் தொட வேண்டும். தீனி நேரமில்லை என்று அதற்கு அப்போது புரியும்.

இருபத்து மூன்றாம் நாள், சனிக்கிழமை, ராயகிரியிலிருந்து மச்சான் வந்தார். என் மனைவியின் அண்ணன், ராணுவத்தில் இருந்தவர். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்தவரின் கையில் ஒரு எலிப்பொறி. உள்ளே உயிரோடு ஒரு வயல் எலி.

"வெறுங்கையோட வர முடியுமா மாப்ள? ஒம்ம பாம்புக்கு விருந்து."

"வயல்ல மருந்து தின்னிருக்கும் மச்சான். ஆகாது."

"பாம்புக்கு எலி ஆகாதா? என்னவே சொல்லுதீரு!"

அடுப்படியிலிருந்து என் மனைவி, "ஏண்ணே, அத மொதல்ல வெளிய கொண்டு போ" என்றாள். அவர் அசையவில்லை. நான்தான் தோள்துண்டால் பொறியைப் பிடித்துத் தூக்கிப் போய் வாசல் கேட்டுக்கு வெளியே வைத்தேன். பிறகு மூன்று முறை சோப்புப் போட்டு, ஒவ்வொரு முறையும் இருபது எண்ணி, கை கழுவித் துடைத்துக்கொண்டு மாடி ஏறினேன். மச்சானும் பின்னாலேயே வந்தார்.

"நாயக் கட்டுங்கன்னு கேட்டுல நின்னு கத்துத ஆளு நீரு. பாம்ப எடுக்கப் போறீராக்கும்?"

கம்பியால் தொட்டேன். பெட்டிக்குள் கையை விட்டேன். அது பாய்ந்ததை நான் பார்க்கவே இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே சுளீரென்றது. அடுத்த நொடி மணிக்கட்டில் இரண்டு சுற்று இறுகியிருந்தது.

"கவ்விட்டுல்லா வே! இரும், கத்தி எடுத்துட்டு வாரேன்!"

"கத்தி எடுத்தீருன்னா இந்த வீட்டுப் படி ஏறக்கூடாது." நாற்பத்து நான்கு ஆண்டு உறவில் அவரிடம் நான் போட்ட முதல் சத்தம்.

"கையவாவது பிடுங்கும்!"

"மாட்டேன். உக்காரும் அங்கன."

உட்கார்ந்துவிட்டார். கீழேயிருந்து மனைவி, "அங்கன என்ன சத்தம்?" என்றாள். "ஒண்ணுமில்ல" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம்.

எண்ண ஆரம்பித்தேன். முப்பதுக்குள் கை தானாகப் பின்னால் வரப் பார்த்தது. இடக்கையால் முழங்கையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ரத்தம் இரண்டு கோடாக இறங்கியது. அறுபதில் யோசிக்க முடிந்தது. மூன்று முறை கழுவிய கையில் எலி வாடை எப்படி வந்தது? எண்பது வாக்கில் தோளில் கிடந்த துண்டு கண்ணில் பட்டது. பொறியைத் தூக்கியது அதில். கழுவிய கையைத் துடைத்ததும் அதில். பாம்புக்கு எட்டியது எலியின் வாடையும் என் கையின் சூடும்தான். இன்று சனி, ஞாயிறு இல்லை என்று அதற்கு எப்படித் தெரியும்? பிசகு முழுக்க என்னுடையது. அது தெரிந்ததும் கையை அசையாமல் வைத்திருப்பது கொஞ்சம் எளிதானது.

நூற்று இருபதில் சுற்று தளர்ந்தது. நூற்று நாற்பத்தேழில் வாயை அகலத் திறந்து பல்லை விடுவித்துக்கொண்டு, சுருண்டு படுத்தது.

மச்சான் வியர்த்திருந்தார். "மாப்ள, நானா இருந்தா உதறியிருப்பேன்வே" என்றார். அவர் வாயிலிருந்து அது வந்ததைக் குறித்துக்கொண்டேன்.

ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். மகளிடம் எப்படிச் சொல்வது என்று மாலைவரை தவித்ததெல்லாம் வீண். அவள் வண்டியை நிறுத்துவதற்குள் மச்சான் கேட்டிலேயே சொல்லிவிட்டார், நூற்று நாற்பத்தேழு எண்ணியதை அஞ்சு நிமிஷமாக்கி. அவள் என் கையைப் பார்க்காமல் நேரே மாடிக்குப் போனாள். டார்ச் வெளிச்சத்தில் பாம்பின் வாயோரத்தை இருபுறமும் பார்த்தாள். கோபம் வரவில்லை எனக்கு. பாம்பு வளர்க்கிறவள் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

"ஒரு பல்லும் போகலப்பா. கீறல் கூட இல்ல." அதன் பிறகுதான் என் கையைப் பிடித்துப் பார்த்தாள்.

"தப்பு என்னுதுதான். துண்டு" என்றேன்.

"இனிமே துண்ட மாடிக்குக் கொண்டு வராதீங்க." போனை எடுத்துச் சென்னைக்காரரை அழைத்தாள். "சார், நீங்க வர வேண்டாம். குடுக்கல. இங்கனயே பாத்துக்கிட ஆள் இருக்கு."

ஒரு மாதம் முடிய இன்னும் ஏழு நாள் இருக்கிறதே என்று ஞாபகப்படுத்தினேன்.

"போதும்ப்பா" என்றாள்.