இருபத்திரண்டா, ஒன்பது மில்லியா?

கைத்துப்பாக்கி விற்கிற தொழிலில் பாதி வேலை, வந்தவர் வாய் திறக்கும்வரை சும்மா நிற்பதுதான். புடவைக் கடையிலும் பேக்கரியிலும் நின்று கால் கடுத்த உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு நிறத்துக்காக முப்பது சேலை விரித்துக் காட்டியிருப்பீர்கள். நான் ஹோர்சன்ஸில் ஒரு வேட்டைச் சாமான் கடையில் பதினொரு வருடமாகத் துப்பாக்கி விரித்துக் காட்டுகிறேன்.

டென்மார்க்கில் நினைத்தவுடன் ஒன்றை வாங்கிக்கொண்டு போக முடியாது. சுடும் கழகத்தில் இரண்டு வருடம் பழக வேண்டும், கழகத் தலைவர் கையொப்பம் வைக்க வேண்டும், பிறகு பொலிஸ் அனுமதி தர வேண்டும். ஆனால் எது வேண்டும் என்று முதலில் முடிவு செய்தால்தான் அனுமதிக்கே எழுதலாம். அதனால் எல்லாரும் என் முன்னால் நின்று ஒரே கேள்வியைத்தான் உருட்டுவார்கள். இரண்டும் குண்டின் அளவுதான். இருபத்திரண்டு சின்னக் குண்டு, சத்தம் குறைவு, கையை உதைக்காது. ஒன்பது மில்லி பெரியது, சத்தமும் உதையும் கூட. இதைச் சொல்ல அரை நிமிடம் போதும், ஆனால் அவர்கள் ஒரு மணித்தியாலம் நிற்பார்கள்.

விளையாட்டுச் சாமான்

என் மனுசனுக்கு என் வேலையைச் சொல்ல வெட்கம். ஊரில் துவக்குக்குப் பயந்து ஓடி வந்த சனம், இங்கே அதையே விற்கிறாள் என்று கதைக்கும் என்று அவருக்குப் பயம். ஆகவே கல்யாண வீடு, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீடு எல்லாவற்றிலும் நான் "விளையாட்டுச் சாமான் கடையில்" வேலை செய்கிறேன்.

ஒருநாள் ஒடென்சேயிலிருந்து ஒரு அக்கா, மகனுக்குப் பட்மின்ரன் மட்டை வாங்கலாம் என்று நேராகக் கடைக்கே வந்துவிட்டா. தெரிந்த ஆள் நிற்கிறேன், விலை குறைப்பேன் என்ற நம்பிக்கை. கதவைத் திறந்ததும் சுவர் நிறைய ரைபிள், கண்ணாடிப் பெட்டிக்குள் கைத்துப்பாக்கி, மூலையில் வாய் திறந்தபடி பதப்படுத்திய ஒரு நரி. அக்கா நரியையும் பார்த்தா, என்னையும் பார்த்தா. பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டா:

"தங்கச்சி, இதிலை விளையாட்டு எது?"

இரண்டாவது துப்பாக்கி

கணவன் செத்த பிறகு அவருடைய ஆயுதங்களை வீட்டில் சும்மா வைத்திருக்க முடியாது. ஒரு டெனிஷ் அம்மா அப்படி இரண்டைக் கொண்டுவந்தா, இருபத்திரண்டு ஒன்று, ஒன்பது மில்லி ஒன்று. ஒன்றைச் சுடமுடியாதபடி அடைத்து ஞாபகத்துக்கு வைத்திருக்கலாமா என்று கேட்டா. அதற்கும் வழி இருக்கிறது, எதை வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

அவ இருபத்திரண்டைத் தடவிக்கொண்டு, அதன் பிடியில் இருந்த கீறல் எந்தக் கோடை விடுமுறையில் விழுந்தது என்றுகூடச் சொன்னா. மற்றதைத் தொடவில்லை. அலுமாரியைத் திறந்த அன்றைக்குத்தான் அப்படி ஒன்று இருந்ததே அவவுக்குத் தெரியுமாம். பத்திரங்களைப் பார்த்தேன். எல்லாம் சட்டப்படி சரி, பத்தொன்பது வருடமாக அவர் பெயரில் இருந்திருக்கிறது. அது நன்றாகப் பாவித்துத் தேய்ந்த துப்பாக்கி. எந்தக் கழகத்தில் சுட்டார் என்று அவவுக்கும் தெரியவில்லை, பத்திரத்திலிருந்த கழகமோ எப்போதோ மூடிவிட்டது. அவ அதை மேசையில் என் பக்கமாகத் தள்ளிவிட்டா.

"பெரியதை நீங்களே எடுங்கள். அதை வைத்திருந்த ஆளை எனக்குத் தெரியாது."

காது

கடையின் நிலக்கீழ் அறையில் ஒரு சின்னச் சுடும் தளம் இருக்கிறது. என்னோடு வேலை செய்கிற லோனா பழுது பார்த்த துப்பாக்கிகளை அங்கே சுட்டுப் பார்ப்பாள். நான் மேலே கோப்பி ஊற்றிக்கொண்டே, இது இருபத்திரண்டு, இது ஒன்பது மில்லி, இது ஒன்பதுதான் ஆனால் நீளக் குழாய் என்று சொல்லிவிடுவேன். ஒருநாளும் பிழை விட்டதில்லை. எந்தக் கழகத்தில் பழகினாய் என்று அவள் கேட்டாள்.

யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எல்லாருக்கும் இந்தக் காது இருந்தது என்றேன். எனக்குப் பதினொரு வயதில், விளக்கு வைக்கிற நேரம், மூன்று பேர் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இயக்கத்துத் தமிழ்ப் பெடியள்தான். இரண்டு பேர் படலையில் நிற்க, ஒருவன் உள்ளே வந்தான். பத்து நிமிடத்தில் விட்டுவிடுவோம் என்று சொல்லிச் சின்னண்ணையைக் கூட்டிக்கொண்டு போனான். அன்று நானும் அம்மாவும் முற்றத்தில் நின்று காது கொடுத்துக் கேட்டோம். ஒரு வெடிச் சத்தமும் கேட்கவில்லை. சத்தம் கேட்காதபடியால் அண்ணை எங்கேயோ இருக்கிறார் என்று அம்மா சாகும்வரை நம்பினா. நானும் அதை விடவில்லை, முகவரி தேடி எத்தனையோ பேருக்கு எழுதினேன். இதையெல்லாம் லோனாவுக்கு டெனிஷில் சொல்ல ஐந்து நிமிடம்தான் எடுத்தது. அவள் காதுக் கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"இனி நீ மேலே நிற்கும்போது நான் சுட மாட்டேன்."

ஊரிலை எவடம்?

ஒரு மழைக்காலைப் பொழுதில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழர் வந்தார். நல்ல மழைக் கோட்டு, சவரம் செய்த முகம், கழகக் கடிதம் ஒழுங்காக ஒரு பிளாஸ்டிக் உறைக்குள். முதலில் டெனிஷில் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துத் தமிழுக்கு மாறினார். இரண்டையும் எடுத்து வைத்தேன். ஒன்பது மில்லியைத் தூக்கிப் பார்த்தபடி, கைக்குப் பாரம் என்றார்.

நம்மவர் வாய் சும்மா இருக்குமா? பஸ்ஸில் கண்டாலும் ஆஸ்பத்திரியில் கண்டாலும் நாங்கள் கேட்கிற முதல் கேள்வியை நானும் கேட்டேன், அண்ணை ஊரிலை எவடம் என்று. கன இடம், ஓரிடமில்லை என்று சொல்லிவிட்டு, நீங்கள் எவடம் என்று திருப்பிக் கேட்டார். நான் விசரி, ஊர், எங்கள் வீடு நின்ற ஒழுங்கை, அப்பாவின் பெயர், தபால் கந்தோர் வேலை என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவர் ஒன்பது மில்லியை மெதுவாகக் கீழே வைத்தார். இருபத்திரண்டை எடுத்தார். கழகத்தில் பழகியவர்கள் கையை நீட்டிப் பிடித்துப் பார்ப்பார்கள். இவர் நீட்டவில்லை. தொடையோடு சேர்த்து, கோட்டு மடிப்புக்குள் மறையும்படி தொங்கவிட்டார். இதற்கே அனுமதிக்கு எழுதச் சொன்னார். நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கும்போது, யாரோ தெரிந்தவர் வீட்டைப் பற்றிக் கேட்கிற மாதிரிக் கேட்டார்:

"முன்னுக்குத் தேசி மரம் நிண்ட வீடுதானே?"

ஒப்படைப்பு

எலுமிச்சை காய்த்த அந்தத் தேசி மரத்தை, அண்ணை போன அடுத்த மாரியில் அப்பா தறித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவருக்கும் அதைத் தெரியாது. அதற்கு முன் வந்தவர்களில் இவர் முகம் எனக்கு ஞாபகமில்லை. அன்று உள்ளே வந்தவனின் கையைத்தான் நான் பார்த்தேன், அது தொடையோடு ஒட்டி இருந்தது. லோனாவிடம் சொன்னேன். பொலிசுக்கு என்னவென்று சொல்வாய், மரம் என்றா என்று கேட்டாள். மனுசனிடம் சொல்லவில்லை. அனுமதி வர ஏழு கிழமை, ஒன்றரை மாதத்துக்கு மேல், எடுத்தது. அந்த ஏழு கிழமையும் அந்த இருபத்திரண்டு அவர் பெயர் கட்டிய சிட்டையோடு என் பாதுகாப்புப் பெட்டியில் கிடந்தது. ஒவ்வொரு காலையும் அதைத் திறக்க எனக்குக் கை கூசியது.

அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். இலக்கத்தைச் சரிபார்த்தேன், அடையாள அட்டையைப் பார்த்தேன், எல்லாம் சரி. துப்பாக்கியை மேசையில் வைத்து, அதன்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டேன். எங்கள் அண்ணையை எங்கே கொண்டு போனீர்கள் என்று கேட்டேன். கோபமாகக் கேட்க வேண்டும் என்று ஏழு கிழமையாக நினைத்திருந்தேன். கடைசியில் கெஞ்சித்தான் கேட்டேன். அன்று வெகுநேரம் காது கொடுத்துக்கொண்டு நின்றோம், ஒரு சத்தமும் கேட்கவில்லை, ஆகவே அங்கே ஒன்றும் நடக்கவில்லைத்தானே என்றும் கேட்டேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசையில் இருந்ததையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கை தானாக விலகியது. அவர் அதைப் பெட்டிக்குள் வைத்து, பூட்டி, கையொப்பம் வைத்த பேனையைத் திருப்பித் தந்தார்.

"சின்னது, ரெண்டு ஒழுங்கைக்கு அங்காலை கேக்காது தங்கச்சி."

இந்த நாட்டில் ஒரு சின்னத் துப்பாக்கி வாங்க இரண்டு வருடப் பழக்கமும் மூன்று கையொப்பமும் வேண்டும், முப்பத்தைந்து வருடமாக நான் தேடிய பதிலுக்கு ஒரு கையொப்பமும் தேவைப்படவில்லை.