தாய்மாமனின் சிவப்பு முகம்

ஐம்பதை நெருங்கும்போது முகப்பரு வந்தால் யாரும் அனுதாபப்படுவதில்லை. என் தலைமுடி எப்போதோ விடைபெற்றுக்கொண்டது. பள்ளிக்கூட நாட்களில் போன பரு மட்டும் ஞாபகமாகத் திரும்பி வந்தது.

தங்கை மகனுக்கு மேல்மலையனூர் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்த நாள் பார்த்திருந்தார்கள். குழந்தை உட்கார வேண்டியது தாய்மாமனான என் மடியில். ஆனால் பயல் என்னிடம் வரமாட்டான். ஒருமுறை வந்தவன், என் மூக்கின் மேலிருந்த பருவைப் பிடித்துத் திருகினான். நான் அலறினேன், அவனும் அலறினான். எங்கள் உறவு அத்துடன் முறிந்தது.

"அன்னிக்கு உன் மடியில உக்காராம ரகள பண்ணான்னா என் மாமியார் இன்னா பேசும் தெரியுமா?" என்றாள் தங்கை. "மொதல்ல மூஞ்ச சரி பண்ணுண்ணா."

திண்டிவனத்துத் தோல் டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். போனில் பார்த்த சிவப்பு விளக்கு முகமூடியைப் பற்றிக் கேட்டேன். "போட்டுப் பாருங்க. பொறுமை வேணும். களிம்ப விட்டுடாதீங்க" என்றார்.

வெள்ளை பிளாஸ்டிக் முகம். உள்ளே வரிசையாகக் குட்டிச் சிவப்பு விளக்குகள். ஒயரில் தொங்கும் பேட்டரி. தினமும் சாயங்காலம் செஞ்சிக் கோட்டை தெரியும் ஜன்னலோரம் அதை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். படிக்க முடியாது, சரியாகப் பேசவும் முடியாது. "பரு போவுதோ இல்லியோ, வூடு அமைதியா இருக்குது" என்றாள் மனைவி. ஜன்னலில் என்னைப் பார்த்த கேஸ்காரர் சிலிண்டரை வாசலிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மெல்ல மெல்லப் பரு அடங்கியது. களிம்பா, விளக்கா என்று தெரியாது. விலை அதிகம் என்பதால் பெருமையை விளக்குக்கே கொடுத்தேன்.

விசேஷத்துக்கு முந்தின வாரம் தங்கை குழந்தையோடு வந்தாள். நான் முகமூடிக்குள் இருந்தேன். பயல் உற்றுப் பார்த்தான். கண், வாய் ஓட்டைகளில் சிவப்பாக ஒளிர்வதைக் கண்டு சிரித்தான். தவழ்ந்து வந்து மடியேறினான். பூரித்துப்போய் முகமூடியைக் கழற்றினேன். அழுதான். மாட்டினேன். சிரித்தான்.

"அண்ணா, கோயிலுக்கு அதையும் எடுத்துக்கினு வா."

"அவ்ளோ ஜனத்துக்கு நடுவுலயா? ஆள வுடு."

சொன்னேனே தவிர, பையில் எடுத்து வைத்துக்கொண்டேன்.

அன்று பட்டு வேட்டியும் பளபளக்கும் முகமுமாக உட்கார்ந்தேன். மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மடிக்கு வந்தவன் உடம்பை வில்லாக வளைத்துக் கத்தினான். "தாய்மாமன கண்டா புள்ள இப்டி பயப்படுதே" என்றார் தங்கையின் மாமியார், எல்லோருக்கும் கேட்கும்படி. தங்கை என்னைப் பார்த்தாள்.

முகமூடியை மாட்டி சுவிட்சைப் போட்டேன். அழுகை நின்றது. என் வாய் ஓட்டைக்குள் அவன் விரலை விட்டு ஆராய்ந்துகொண்டிருந்தபோதே ஒரு காது முடிந்தது. அடுத்த காதுக்கு அழுதான். ஆனால் என் பிளாஸ்டிக் கன்னத்தைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"சார், ஒரு தபா அத கயட்டிட்டு இப்டி பாருங்க" என்றார் போட்டோகிராபர்.

"கயட்டாத" என்றாள் தங்கை.

ஆல்பம் வந்தது. எந்தப் படத்திலும் என் முகம் இல்லை. மாமியார் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுத் தங்கையிடம் தாழ்ந்த குரலில் கேட்டாராம்: "ஏம்மா, உங்க அண்ணனுக்கு மூஞ்சில ஏதாவது வியாதியா?"